ரிவர்ஸ் இல்லாத வண்டி

ஏறிக்கங்க சார். தாராபுரந்தானுங்களே? ஏறுங்க, ஏறுங்க. கதவை ஓங்கிச் சாத்துங்க, லேசாச் சாத்தினா நிக்காது. ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிப்போடறேன். மெயின் ரோட்டுல எங்க வேணாலும் எறக்கி விடறேன். சந்துக்குள்ள வா, வீட்டு வாசல்ல விடுன்னு மட்டும் கேக்கப்படாது. வண்டிக்கு ரிவர்ஸ் இல்லீங்க.

சிரிக்காதீங்க சார், நெசமாலுமே இல்ல. முன்னால போறதுக்கு அஞ்சு கியரும் வெண்ணெய் மாதிரி விழுகும். பின்னால ஒரு அடி நவுராது. டீசல் லோடு வண்டி, எஞ்சின் சிங்கமாட்ட இருக்குது, டயர் போன வருசம் போட்டது. பாத்தா யாராச்சும் சொல்லுவாங்களா? சொல்லமாட்டாங்க. அதுதான் கொடுமை.

ஏழு மாசமா இப்பிடித்தான் ஓட்டிட்டு இருக்கறேன். வாடகைக்குக் கூப்புடறவங்க என்ன லோடுன்னு சொல்றதுக்குள்ள நான் கேக்கற மொதக் கேள்வி, "திருப்பறதுக்கு எடம் இருக்குதுங்களா?" முருங்கைக் காட்டுக்குள்ள போகணும்னா முந்தின நாளே பைக்குல போயி, எங்க திரும்பறது, எங்க வெளிய வர்றதுன்னு பாத்துட்டு வந்துதான் ஒத்துக்குவேன். இந்த ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருக்கற அத்தனை வண்டியும் மண்டி மேடைக்குப் பின்னாலயே வந்து அணைச்சு நிக்கும். நான் மட்டும் ரோட்டுல நிப்பேன். மூட்டை தூக்கறவங்க அங்கிருந்து இங்க வரைக்கும் நடக்கணும், வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. பேசட்டும். எந்த பங்க்ல சுத்தி வரலாம், எந்தக் கல்யாண மண்டபத்துக்கு ரெண்டு கேட்டு இருக்குது, எந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்துல வாட்ச்மேன் திட்டமாட்டாரு, எல்லாம் எனக்கு அத்துப்படி. என்ற வீட்டு வாசல்ல களம் பெருசு, ஒரு சுத்து சுத்தி நிறுத்திக்கலாம். அது ஒண்ணுதான் சாமி புண்ணியம்.

சித்த பின்னால சாஞ்சு உக்காருங்க சார், அந்தப் பக்கத்துக் கண்ணாடி மறைக்குது. ஆங், அப்பிடி.

மாட்டிக்கிட்டது எங்கன்னு கேட்டீங்கன்னா, இந்த ரோட்டுலயேதான் வருது, என்ற மாமனார் ஊரு. பூளவலசு. மெயின் ரோட்டுல இருந்து சோத்தாங்கைப் பக்கம் திரும்பினா, ரெண்டு பக்கமும் சுவரு வெச்ச சந்து. சந்து முடியற எடத்துல மாமனார் வீடு. வீட்டுக்கு அக்கட்ட கெணறு. உள்ள போன வண்டி பின்னாலயேதான் வந்தாகணும், வேற வழி கெடையாது. அந்த வீட்டுலதான் சார் என்ற பொண்டாட்டி இருக்கறா. பொண்ணு பொறந்து அஞ்சு மாசம் ஆகுது. ரெண்டு பேரையும் போயிக் கூட்டிட்டு வரணும். போறதுக்கு வண்டி வேணும். வண்டிக்கு கியர்பாக்ஸ் வேணும். நல்ல கியர்பாக்ஸ் ஒண்ணு கெடைச்சா நாளைக்கே போயி நிப்பேன்.

என்னுங்க? பைக்குல போலாமேங்களா? எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. போலாம். பஸ்ல கூடப் போலாம். எங்கம்மா பஸ்ல போயி பேத்தியப் பாத்துட்டு வந்துருச்சு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை. ஆனா நான் வண்டி வெச்சிருக்கறவன் சார். சொந்த வண்டி வெச்சிருக்கறவன் பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு வர பஸ்சுக்கு நின்னா ஊரு என்ன பேசும்? அதுவும் அந்த ஊரு.

அந்த ஊரு என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன் கேளுங்க.

எங்க பக்கம் மொதப் பிரசவத்துக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறப்ப கட்டுச்சோத்து விருந்துன்னு ஒண்ணு பண்ணுவாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க புளிச்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறுன்னு பாத்திரம் பாத்திரமாக் கட்டி எடுத்துட்டு வந்து, ஒறம்பரை சனத்துக்கெல்லாம் போட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போவாங்க. மாமனாரு கார் புடிச்சுட்டு வந்திருந்தாரு. நான் சொன்னேன், "காரெதுக்கு மாமா? என்ற வண்டி இருக்குது, நானே கொண்டாந்து விடறேன்"னு. சீட்டுல தலகாணி போட்டு, பள்ளத்துக்குப் பள்ளம் பாத்து எறக்கி, ஒரு குலுக்கல் இல்லாமக் கொண்டு போனேன். சுகந்தி தூங்கிட்டே வந்தா. சுகந்தின்னா என்ற பொண்டாட்டி. நீங்க உக்காந்திருக்கற அதே சீட்டுதான்.

கொண்டு போயி விட்டாச்சு, காப்பியும் குடிச்சாச்சு. கெளம்பணும்னா சந்துல பின்னாலயே வரணும். அது எனக்கு ஒரு வேலையே இல்ல சார். இந்த மார்க்கெட்ல ரெண்டு வண்டிக்கு நடுவுல பேசிட்டே சொருகினவன் நானு. ஆனா அன்னைக்கு அந்தச் சந்துல இருக்கற சனம் பூரா வெளிய வந்து நின்னுக்குச்சு. ஒருத்தர் "வரட்டும், வரட்டும்"ங்கறாரு. இன்னொருத்தர் "நிறுத்து, நிறுத்து"ங்கறாரு. மாமனாரு "மாப்ள, சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க"ங்கறாரு. அந்தத் தனபாலு பின்னால நின்னுட்டு வண்டிய டமடமன்னு தட்டறான்.

தனபாலு சுகந்தியோட அண்ணன். அவனும் வண்டிக்காரன்தான். அவனாலதான் எனக்கு சுகந்தியே கெடைச்சா, அது வேற கதை. அவனும் நானும் ஒரே நாள்ல, ஒரே கடையில, ஒரே மாடல் வண்டி எடுத்தோம். ரெண்டு வண்டிக்கும் ஒண்ணாப் பூசை போட்டு, ஒரே சமயத்துல எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அப்ப அவன் எனக்கு மச்சான் கூட இல்ல, சும்மா சிநேகிதன்.

சரி, முன்னால சித்த எடுத்து வண்டிய நேராக்கிக்கலாம்னு எடுத்தேன். எடுத்துட்டு இருக்கறப்பவே பின்னால இருந்து அத்தன பேரும் ஒரே சத்தம். அந்தச் சத்தத்துல, வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே ரிவர்ஸப் போட்டு இழுத்துப்போட்டேன். கடகடகடன்னுச்சு. அப்பறம் ஒண்ணுமில்ல. இதுல யாரு தப்பு, நீங்களே சொல்லுங்க. கத்தினவன் தப்பா, கியர் போட்டவன் தப்பா? வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும்.

அதுக்கப்பறந்தான் சார் நடந்தது. மாமனாரு கிட்ட வந்து, "மாப்ள, நீங்க எறங்க வேண்டாம், உள்ளயே உக்காந்துக்கங்க, நாங்க தள்ளிக்கறோம்"னாரு. மரியாதைக்குத்தான் சொன்னாரு. எறங்கியிருக்கலாம். எறங்கலை. நான் ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு உள்ள. முன்னால தனபாலு, அவங்க சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாரும் பானெட்டுல கையக் குடுத்துத் தள்றாங்க, சாமியச் சப்பரத்துல வெச்சுத் தள்ற மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவிய மூஞ்சி, இந்தப் பக்கம் என்ற மூஞ்சி. எங்க பாக்கறதுன்னே தெரியல. கை சும்மா இருக்கமாட்டாம வைப்பரப் போட்டுட்டேன் சார். மழையே இல்ல. வைப்பரு பாட்டுக்கு இப்பிடியும் அப்பிடியும் போகுது, தள்றவங்க அதைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு, தள்ற பலமே போச்சு அவங்களுக்கு. தனபாலு கத்திச் சொல்றான், "எங்க மாப்ளைக்கு முன்னால போகத்தான் தெரியும், பின்னால வரத் தெரியாது"ன்னு. வாசல்ல நின்னுட்டு சுகந்தி வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சா. அவளுஞ் சிரிச்சா சார்.

தாராபுரத்துல பரீத் பாய்னு ஒரு மெக்கானிக். எனக்கு வண்டி எடுத்த நாள்ல இருந்து அவருதான். கியர்பாக்ஸ எறக்கிப் பிரிச்சுப் பாத்துட்டு, ரிவர்ஸ் பல்லுச் சக்கரம் மொட்டையாப் போச்சு, அது கூடப் பரவால்ல, சக்கரம் உக்கார்ற எடத்துல வெளிக்கூடு, அந்த ஹவுசிங்கே விரிசல் விட்டுருக்குதுன்னாரு. "சக்கரம் மாத்தினாலும் நிக்காது பூபதி. முழு பாக்ஸ மாத்திரு. அது வரைக்கும் முன்னால ஓட்டிக்க. ரொம்ப நாள் ஓட்டாத"ன்னாரு. பூபதிங்கறது நானுங்க.

நானும் தேடாமயா இருக்கறேன்? கம்பெனில புதுசு கேட்டேன். அவன் சொன்ன வெலைக்கு இன்னும் சித்தப் போட்டா வேற வண்டியே வாங்கலாம். பழசுதான் வழின்னு கோயமுத்தூருக்குப் போனேன். அங்க பழைய சாமான் கடைத்தெரு இருக்குது. வரிசையாக் கடை, கடை பூரா கியர்பாக்ஸு. பலாப்பழத்த அடுக்கின மாதிரி அடுக்கி வெச்சிருக்கறாங்க. நீங்க ஒரு நாளும் வாங்கப் போறதில்ல, இருந்தாலும் சொல்றேன், பழைய கியர்பாக்ஸு எப்பிடிப் பாக்கணும்னா, அடியில இருக்கற போல்ட்டக் கழட்டி ஆயில்ல வெரல விடணும். வெரல வெய்யில்ல காட்டணும். தங்கத் தூளாட்ட மின்னுச்சுன்னா உள்ள பித்தளை வளையம் தேஞ்சு போச்சு. வெள்ளையா மின்னுச்சுன்னா பேரிங்கு போச்சு. கருகின வாசம் வந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தறணும். அப்பறம் முன்னால நீட்டிட்டு இருக்கற ராடைப் புடிச்சு ஆட்டிப் பாக்கணும், பல்லு ஆடுதான்னு பாக்கற மாதிரி.

மொதக் கடையில தங்கம். ரெண்டாவது கடையில கருகின வாசம். அப்பிடியே கடை கடையா ஏறி எறங்கி, கடைசில ஒண்ணு நல்லா இருந்துச்சு. ஆயில் சுத்தம், ஆட்டம் இல்ல. எங்கிட்ட இருக்கறது பழைய மாடல், அது அடுத்த வருசத்து மாடல். ஒரே வண்டிதானேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். பாய் பாத்தாரு. ராடுல பல்லு கணக்கு வேற, நம்ம கிளட்ச் பிளேட்டுல சேராது. "பரவால்ல, பிளேட்டையும் மாத்திட்டா சேர்ந்துரும், சாயங்காலத்துக்குள்ள வண்டிய எடுத்துக்க"ன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. நல்லா இருக்கற கிளட்ச எதுக்கு சார் கழட்டணும்? ஒண்ணுக்காக இன்னொண்ணு, அதுக்காக வேறொண்ணுன்னு போனா வண்டி என்ற வண்டியாவா இருக்கும்? வேண்டாம்னுட்டேன். அது இன்னும் எங்க வீட்டுக் களத்துல கெடக்குது. கோழி மேல ஏறி உக்காந்துக்குது.

அப்பறம் பல்லடத்துல ஒருத்தரு, பழசப் பிரிச்சு எல்லாம் புதுசு போட்டு பூட்டித் தர்றவரு. நல்ல மனுசன். வண்டில மாட்டியே காட்டினாரு. ரிவர்ஸ் விழுந்துச்சு சார். விழுந்துச்சு. ஏழெட்டு அடி பின்னால போனேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆனா பாருங்க, ரெண்டாவது கியர்ல லேசா ஒரு சத்தம். ஊளையிடற மாதிரி. பல்லடத்துக்காரரு, "எங்க சார், எனக்குக் கேக்கலையே"ங்கறாரு. பாயைக் கூட்டிட்டுப் போயிருந்தேன், அவரும் கேக்கலைங்கறாரு. எனக்குக் கேட்டுச்சு. கழட்டிருங்கன்னேன்.

இதுக்கு நடுவுல புள்ளை பொறந்துச்சு. தாராபுரம் ஆஸ்பத்திரில. அங்க போனேன் சார், போகாம இருப்பனா? அங்க போர்ட்டிகோவச் சுத்தி வரலாம், திருப்பறதுக்கு எடம் உண்டு. பொண்ணு. என்ற மூக்கு. இத்தனூண்டு விரல வெச்சு என்ற விரலப் புடிச்சுக்குச்சு, ஆயில் அழுக்குப் போகவே போகாத விரலு, அதைப் போயிப் புடிச்சுக்குச்சு. மூணாம் நாள் பூளவலசுக்குக் கொண்டு போயிட்டாங்க. அதோட சரி. இன்னும் பேரு வெக்கலைங்க. நான் வந்தாத்தான் பேரு வெக்கறதுன்னு சுகந்தி சொல்லிட்டா. அஞ்சு மாசமா "பாப்பா, பாப்பா"தான்.

தனபாலு வண்டி என்ன ஆச்சுன்னு சொல்லலையே. ஆடியில ஒரு காத்து அடிச்சுதுங்களே, அன்னைக்கு அவன் வண்டி மேல புளியமரம் சாஞ்சுருச்சு. வண்டி நின்னுட்டு இருந்துச்சு, உள்ள ஆளு இல்ல. மேல கூடு அப்பளமா நொறுங்கிப் போச்சு. அடியில ஒரு கீறல் இல்ல. எஞ்சின் நல்லா இருக்குது, கியர்பாக்ஸ் நல்லா இருக்குது. அந்தக் கியர்பாக்ஸு என்ற வண்டிக்குக் கூடப் பொறந்த கியர்பாக்ஸு. ஒரே மாடல், ஒரே வருசம். பல்லு கணக்கு, போல்ட் ஓட்டை, எல்லாம் ஒண்ணு. எங்கியும் ஒரு வாசர் கூட மாத்த வேண்டாம். அவன் போன் பண்ணி, "மாப்ள, நான் வேற வண்டிதான் எடுக்கப் போறேன், பாக்ஸ நீ வெச்சுக்க"ன்னான். சும்மா. தானமா.

நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லாம இருந்தா வேண்டாம்னு அர்த்தம்னு ஒரு மனுசனுக்குத் தெரியணுமா வேண்டாமா? அவன் என்ன பண்ணினான் தெரியுங்களா, அவனே கழட்டி, அவனே டெம்போவுல ஏத்தி, பாய் கடையில கொண்டு வந்து எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான். சாக்குல சுத்தி மூலையில இருக்குது. நான் கடைக்குள்ள போறப்பல்லாம் பாய் அதைப் பாப்பாரு, அப்பறம் என்னையப் பாப்பாரு. "ஒரு பொழுது வேலை பூபதி"ம்பாரு.

ஒரு நாள் பாய் தொழுகைக்குப் போன நேரத்துல நான் அந்தச் சாக்கப் பிரிச்சுப் பாத்தேன். போல்ட்டக் கழட்டி வெரல விட்டேன். வெய்யில்ல காட்டினேன். ஒரு மினுக்கு இல்ல சார். தேனாட்ட ஆயில். ராடை ஆட்டினேன், ஆடல. ரிவர்ஸப் போட்டுச் சுத்திப் பாத்தேன், சத்தமே இல்லாமச் சுத்துது. ஒரு குறை, ஒரே ஒரு குறை கெடைக்காதான்னு பாத்தேன். கெடைக்கல. எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சுங்கறீங்க.

நீங்களே சொல்லுங்க சார், அதை எப்பிடி மாட்டறது? மாட்டிட்டு அந்தச் சந்துக்குள்ள போறேன்னு வையுங்க. பின்னால எடுக்கறேன். ஊரு பூரா நிக்கும். "பாரு, தனபாலு குடுத்த கியர்ல மாப்ள பின்னால வர்றாரு"ம்பாங்க. வாழ்நாள் பூரா நான் ரிவர்ஸ் போடறப்பல்லாம் அவன் கையப் புடிச்சுட்டுப் போடற மாதிரி இருக்குமா இருக்காதா? பாய் கிட்ட இதைச் சொன்னேன். அவரு ஸ்பேனரக் கீழ வெச்சுட்டு, "கியர்பாக்ஸுக்குள்ள மச்சான் இல்ல பூபதி, ஆயில்தான் இருக்குது"ன்னாரு. அவருக்கென்ன, அவரு மாமனார் வீட்டுல யாரு தள்ளினாங்க?

போன வாரம் மாமனாரே போன் பண்ணினாரு. "மாப்ள, ரிவர்ஸ் இல்லைன்னா என்னுங்க, நீங்க பாட்டுக்கு உள்ள வாங்க, நாங்க நாலு பேரு இருக்கறோம், தள்ளி விட்டுக்கறோம்"னு. பாத்தீங்களா? பாத்தீங்களா சார்? மறுபடியும் தள்றதுல வந்து நிக்கறாங்க. நான் போனை வெச்சுட்டேன்.

அது சரி, நீங்க எந்த ஆபீஸு? ...ஓகோ. உங்களுக்கெல்லாம் கவலையில்ல.

நாளைக்கு சங்ககிரி போறேன். அங்க ஒருத்தன் கிட்ட இதே மாடல் ஒண்ணு இருக்குதுன்னு சொன்னாங்க. நாளைக்குப் போயிப் பாத்து, நல்லா இருந்தா தூக்கிட்டு வந்து, மாட்டிட்டு, நேரா பூளவலசு. என்ற மனசுல எல்லாம் ஓடிட்டே இருக்குது சார். சந்துக்குள்ள போறேன். பாப்பாவ வாங்கி சுகந்தி மடியில குடுக்கறேன். அப்பறம் கண்ணாடியில மட்டும் பாத்துட்டு, ஒருத்தர் கை காட்டாம, ஒருத்தர் கத்தாம, ஒரே இழுப்புல பின்னால மெயின் ரோடு வரைக்கும் வர்றேன். ஒரு தடவை அதைப் பண்ணிட்டேன்னாப் போதும்.

ஆனா சுகந்திக்குப் பொறுமை இல்ல. எங்க பக்கம் புள்ளையக் கூட்டிட்டு வர்றது ஒத்தை மாசத்துலதான். மூணாம் மாசம் கூட்டிட்டு வரலாம், அஞ்சாம் மாசம் வரலாம். மூணாம் மாசம் பல்லடத்துப் பாக்ஸோட போச்சு. அஞ்சாம் மாசம் இன்னையோட முடியுது. முந்தாநேத்துப் போன் பண்ணினா. கத்தல. கத்தினாக் கூடத் தேவலைன்னு இருந்துச்சு. "ஏனுங், இந்த மாசத்துக்குள்ள நீங்க எப்பிடியாச்சும் வாங்க. நடந்து வந்தாலுஞ் சரி. வரலீன்னா நான் பாப்பாவத் தூக்கிட்டுத் திருப்பூருக்கு அக்கா வீட்டுக்குப் போயிருவேன். பனியன் கம்பெனில எடம் சொல்லி வெச்சிருக்குது. அப்பறம் நீங்க எந்தக் கியர் போட்டுட்டு வந்தாலும் நான் வரமாட்டேன்"னா. சும்மா மிரட்டறா சார். அவ போகமாட்டா. ஏழு வருசமா அவளப் பாத்துட்டு இருக்கறேன், ஒரு தடவையாச்சும் சொன்னதச் செஞ்சிருக்கறாளா? வீட்டுல கல்யாணத்துக்கு ஒத்துக்க வெக்கறேன்னு சொன்னா, அதை மட்டும் செஞ்சா. பாப்பாவுக்குப் பேரு வெக்காம இருக்கறேன்னு சொன்னா, இருக்கறா.

...கள்ளிமந்தயம் தாண்டியாச்சுங்களா? அப்ப வந்துருச்சு. அதோ அந்த போர்டுக்கு அக்கட்ட சோத்தாங்கைப் பக்கம் ஒரு ரோடு போகுது பாருங்க, அதுதான் பூளவலசு. தெனம் ரெண்டு தடவை இதைத் தாண்டறேன். இந்த எடம் வந்தாக் கால் தானா ஆக்சிலேட்டர அழுத்திக்கும். பழக்கமாப் போச்சு. திரும்பிப் பாக்கறதே இல்...

சார். சார், பஸ் ஸ்டாப்புல யாரு அது?

மஞ்சச் சீலை. கையில புள்ளை. பக்கத்துல பை. பை வெச்சுட்டு நிக்கறது தனபாலு.

தாண்டிட்டேன். ஐயோ, தாண்டிட்டேனுங்க. இருங்க, இருங்க, ஓரமா நிறுத்திக்கறேன். சாஞ்சுக்கங்க சார், கண்ணாடி மறைக்குது. அவதான். சுகந்திதான். பெரிய பை அது, கட்டுச்சோத்தன்னைக்குக் கொண்டு போன பை. நம்ம வண்டியப் பாத்துட்டா. பாத்துட்டே நிக்கறா. கையக் கூட அசைக்கல.

முன்னால பங்க் வரைக்கும் போனாத்தான் திருப்ப முடியும். அது எங்க இருக்குது, இங்கிருந்து... இல்ல, முடியாது. பின்னால பாருங்க, பஸ் வருது. திருப்பூர் பஸ்ஸு. நான் போயித் திரும்பி வர்றதுக்குள்ள ஏறிருவா.

ஓடட்டுங்களா? ஓடிப் போயி என்ன சொல்லுவேன்? ஏதாச்சும் சொல்லுங்களேன்.

பஸ் நின்னுருச்சு. மறைச்சுருச்சு, ஒண்ணுந் தெரியல. ஏறுறாளா? எறங்கறவங்களா அது? போச்சு. கெளம்பிருச்சு. போச்சுங்க. நம்மளத் தாண்டிப் போகுது, பஸ்ஸு ஜன்னல்ல பாருங்க சார், லேடீஸ் சீட்டுப் பக்கம் பாருங்க, மஞ்சச் சீலை இருக்குதா? இருக்குதா?

...சார், கண்ணாடியப் பாருங்க.

நிக்கறா. அங்கயேதான் நிக்கறா. ஏறல.

பையக் கீழ வெச்சுட்டா. பாப்பாவத் தோள் மாத்திப் போட்டுக்கறா. இந்தப் பக்கந்தான் பாக்கறா. ஆனா ஒரு அடி எடுத்து வெக்கமாட்டேங்கறா பாருங்க. அத்தனை ரோசம். அவ வரமாட்டா சார். அவ வீட்டுல இருந்து ரோடு வரைக்கும் வந்துட்டா. மிச்சம் நாந்தான் போகணும்.

தனபாலு ஓடி வர்றான். வண்டிக்கு முன்னாலதான் வருவான், அவனுக்குத் தெரியும் எங்க நிக்கணும்னு. வரட்டும். சார், ஒரு ஒத்தாசை பண்ணுங்க. கோவிச்சுக்காதீங்க, ஏறுன மனுசனை எறக்கறேன்னு. சித்த எறங்கி அவன் கூட முன்னால நின்னு பானெட்டுல கையக் குடுங்க. ரோடு மட்டமாத்தான் இருக்குது, லோடு இல்ல, லேசாப் போயிரும். நியூட்ரல்ல போட்டுட்டேன்.

இல்லைங்க, நான் உள்ள உக்காரல. கதவத் தொறந்து வெச்சு, ஒரு கையில ஸ்டீரிங்கப் புடிச்சுக்கறேன். நானும் எறங்கித்தான் தள்ளப் போறேன்.